பக்கெட் யுத்தம்

எதிர்க்கடையில் "பக்கெட்டுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று பலகை தொங்கியபோது, வேலுமணி மேனேஜராகி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

காலையில்தான் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்து, கோத்தகிரியில் இறங்கியிருந்தார். எதிரே வருகிற ஆள் தெரியாத மூடுபனி. விளக்கு எரிந்த தள்ளுபடிக் கடைக்குள் நுழைந்து, "நான்தான் புது மேனேஜர்" என்றார்.

"வாங்க சார்! பழையவர் நின்னு பத்து நாளாச்சுங்க. உங்களைத்தான் பாத்துட்டே இருந்தோமுங்க" என்று மூத்த ஊழியர் மருதாம்பாள் சாவிக்கொத்தையே கையில் கொடுத்துவிட்டாள்.

பதினெட்டு வருடம் பில் கவுன்டரில் கால் கடுக்க நின்று கிடைத்த பதவி. பனியினூடே எதிர்க்கடைப் பலகை கண்ணில் பட்டதும், விடுவாரா?

"நம்ம பலகையில இருபதுன்னு எழுதுங்க."

எதிர்க்கடை முப்பது என்றது.

"ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசம்!"

எதிர்க்கடை மக்கையும் சேர்த்துக் கொடுத்தது.

வேலுமணிக்கு வெறி ஏறியது. ஒவ்வொரு பக்கெட் விற்கும்போதும் ஊழியர்கள் எல்லோரும் கைதட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தட்டித் தட்டி உள்ளங்கை வீங்கியதில், பில் போட யாருக்கும் விரல் மடங்கவில்லை. வரிசை தெருமுனை தாண்டியது.

"பழைய பக்கெட் கொண்டு வந்தா புதுசு ரெண்டு!"

ஜனங்கள் எதிர்க்கடையில் வாங்கி, ரோட்டைத் தாண்டி, இங்கே நீட்டினார்கள்.

"ஏனுங்க, ஸ்டிக்கரே பிரிக்கலைங்களே?" என்றாள் மருதாம்பாள்.

"ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள பழசாயிருச்சுங்க" என்றார் வரிசையில் நின்றவர்.

சரக்கு தீர்ந்தது. வாங்கிய பழசையே துடைத்துப் புதுசாகக் கொடுத்தார்கள். மதியம் எதிர்க்கடையின் ஷட்டர் பாதி இறங்கியது.

"ஜெயிச்சுட்டோம்!" என்று வேலுமணி கூவினார். எல்லோரும் வலியோடு கைதட்டினார்கள்.

அப்போது எதிர்க்கடை சேல்ஸ் பெண் ஷைனா, அழாத குறையாக வந்து நின்றாள்.

"போதும் சார், நிறுத்திக்கோங்க. எங்ககிட்ட ஒரு பக்கெட்டும் இல்ல. கேக்க ஆளில்லாம நாங்களே பலகை வெச்சுட்டோம். எங்க புது மேனேஜர் இன்னிக்குச் சேரணும், இன்னும் காணோம்."

"பொறுப்பில்லாத ஆளா இருப்பாரு போல" என்றார் வேலுமணி பெருந்தன்மையாக.

"தெரியல சார். வேலுமணின்னு யாராச்சும் வழி கேட்டு வந்தா, கொஞ்சம் எங்க கடைக்கு அனுப்பி வெக்கிறீங்களா?"