ஆணி அடிக்காத வீட்டில் ஓர் அலமாரி

ருவைஸ்,
ஜனவரி கடைசி ஞாயிறு.

அன்புள்ள தம்பி செல்வதாசுக்கு, அண்ணன் தேவசுந்தரம் எழுதுவது. நீயும் ஷாஜினியும் பிள்ளைகளும் அங்கே நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். ‘சுகம்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் பேசினால் நீ நடுவில் ‘அப்படியா அண்ணே, அப்படியா அண்ணே’ என்று கேட்டுக் கேட்டு, எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது எப்படியோ குடும்பக் குரூப்புக்குப் போய், அக்கா கைகூப்புகிற படமாகப் போட்டுத் தள்ளுவாள். அதனால் என்னோடு பிளான்டில் வேலை பார்க்கும் சுரேஷ்குமார் லீவில் ஊருக்கு வரும்போது அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். விஷயம் இதுதான்: ஏப்ரலில் நாங்கள் ஊரோடு வந்துவிடுகிறோம். ரெஷ்மாவுக்கு ஒன்பதாம் வகுப்பு மார்ச்சில் முடிகிறது. ஆகவே மார்ச் கடைசிக்குள் நீ என் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். இதற்கு முன் ஒன்பது தடவை இதையேதான் சொல்லியிருக்கிறேன், நீயும் ஒன்பது தடவை சாமானைக் கட்டி அவிழ்த்திருக்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். அதெல்லாம் வேறு. இந்தத் தடவை அலமாரி விழுந்துவிட்டது.

உனக்கு உன் மதினியைத் தெரியும். நான் இந்த ருவைஸ் பிளான்டில், அவளும் ரெஷ்மாவும் ஷார்ஜா முவைலாவில், அங்கே ஒரு கிளினிக்கில் அவளுக்கு நர்ஸ் டூட்டி. பதினேழு வருஷத்தில் நாலு வீடு மாறியிருக்கிறோம். நாலிலும் ஓர் ஆணி அடித்ததில்லை. ‘அடுத்த வருசம் போகப்போற வீட்டுல என்னத்துக்கு ஆணி’ என்பது நான் போட்ட சட்டம். காலண்டர் ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்து நிற்கும். கல்யாண போட்டோ கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும். நல்ல சாமான் எது வாங்கினாலும் சுகிர்தராணி அதை அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே மார்க்கரால் ‘ஊருக்கு’ என்று எழுதி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். ரோலா கடைத்தெருவில் அவளுடைய முதல் சம்பளத்தில் வாங்கிய முப்பத்தாறு உருப்படி பீங்கான் செட்டும் அப்படித்தான் உள்ளே போனது. நாங்கள் இதுவரை சாப்பிட்டது பிளாஸ்டிக் தட்டில்.

போன டிசம்பரில், எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி சிவசங்கரன் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு போனார். போகிறவர்கள் வீட்டுச் சாமானை இருக்கிறவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது இங்கே வழக்கம். அவருடைய அடுக்களைச் சுவர் அலமாரியை, நாலு கதவு, கண்ணாடி வைத்தது, சுகிர்தா வாங்கி ஹாலில் நிறுத்திவிட்டாள். நான் டூட்டி முடித்து நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போய் இறங்கினால், தண்ணீர் தருவதற்கு முன்னால், “இத அடுக்களையில மாட்டித் தாங்க” என்கிறாள். “ஏப்ரலில் போகப்போற வீட்டுல...” என்று ஆரம்பித்தேன். “எந்த ஏப்ரல்?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். நானே போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். நான் ரிக்கிங் ஃபோர்மேன். கிரேனில் எதைக் கட்டித் தூக்குவதென்றாலும் என் கையெழுத்து இல்லாமல் அது தரையை விட்டு எழும்பாது. “எம்பது டன்னு தூக்குதேன்னு ஊரெல்லாம் சொல்லுதியள்லா, இதத் தூக்கி மாட்டுங்க பாப்போம்” என்றாள் சுகிர்தா. விடுவேனா? அடுக்களை வாசலில் சிவப்பு வெள்ளை டேப் கட்டினேன். ஹெல்மெட் போட்டேன். தாயையும் மகளையும் வரிசையாக நிறுத்தி, சைட்டில் தினமும் காலையில் பேசுகிற பாதுகாப்புப் பேச்சை ஐந்து நிமிஷம் பேசினேன்: தொங்கும் பாரத்துக்குக் கீழே எவரும் நிற்கக் கூடாது. “அடுப்பே அதுக்குக் கீழதானே இருக்கு” என்றாள் சுகிர்தா. கூட்டத்தில் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தேன். டொம் டொம் என்றது. இந்த நாட்டில் சுவரெல்லாம் ஹாலோ பிளாக், நடுவில் பொந்து விட்ட சிமென்ட் கல், தட்டினால் அப்படித்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. ரெஷ்மா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “டாடி, தட்ஸ் நாட் அ ரியல் வால்” என்றாள். “பின்ன என்ன, பொய்ச் சுவரா? போய்ப் படி” என்றேன். டிரில் வாழைத்தண்டுக்குள் போகிற மாதிரி போனது. சிமென்டானால் சாம்பல் நிறத் தூள் வரும். இதில் கோலமாவு மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. டிரில் புதுசு, பிட் கூர்மை, என் கை சுத்தம் என்று மூன்று காரணம் கண்டுபிடித்தேன். நாலாவது காரணம் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. நாலு ஓட்டை, நாலு பிளாஸ்டிக் பிளக், நாலு திருகாணி. அலமாரி ஏறி நின்றது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. காலி அலமாரி எதற்கு அசைய வேண்டும்? ஆனால் அன்றைக்கு நான் பஸ் ஏறும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். அலமாரி நிறைந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்; பெட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மடித்துக் குப்பை வாளிப் பக்கம் அடுக்கியிருந்தது, ‘ஊருக்கு’, ‘ஊருக்கு’, ‘ஊருக்கு’ என்று எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. பீங்கான் செட், மிக்ஸி, இரண்டு குக்கர், ஷாஜினிக்கு என்று வாங்கின இட்லிக் கொப்பரைகூட மேலே ஏறியிருந்தது. தம்பி, நான் கலங்கிவிட்டேன். அலமாரி தாங்குமா என்று கலங்கவில்லை, அந்தப் புத்தி இருந்தால் நான் ஏன் இந்தக் கடிதம் எழுதுகிறேன். இவள் இனி ஊருக்குப் போவோம் என்று நம்பவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நம்பிக்கையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டாள் என்றுதான் கலங்கினேன். வெளியே “நல்லாருக்கே” என்றேன். “ம்” என்றாள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். பதினாலு பேர் ஹாலில் முட்டி முட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுகிர்தா அடுக்களையில் மீன்குழம்பைக் கவனித்துக்கொண்டே பாட்டுக்கெல்லாம் கூடவே பாடினாள். கடைசி ஜெபம். பாஸ்டர் கண்ணை மூடி, “இந்தக் குடும்பத்தை இந்த இடத்திலே அசையாமல் நிலைநிறுத்தும்” என்றார். ஆமென் சொல்வதற்காக சுகிர்தா அடுப்பை அணைத்துவிட்டு ஹால் வாசலுக்கு வந்தாள். இரண்டே எட்டு. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். பதினாலு பேரும் பயத்தில் ஒரே குரலாக ஆமென் என்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் அலமாரி அடுப்பின் மேல் குப்புறக் கிடக்கிறது, குழம்புச் சட்டி அதற்கு அடியில், பீங்கான் எல்லாம் பொடி. முப்பத்தாறு உருப்படியில் மிஞ்சியது, மூக்கு வைத்த கிண்ணம் ஒன்று. அது எதற்கென்று யாருக்கும் இன்றுவரை தெரியாது. பாஸ்டர் இதை ஆண்டவர் காப்பாற்றியதற்கு ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டு அதற்குள் மூன்று வீட்டில் சொல்லிவிட்டார். இரண்டு எட்டு, செல்வதாஸ். ஆமெனை அடுக்களையில் நின்றே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

மறுநாள் வாட்ச்மேன் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். பொன்னுச்சாமி, சிவகங்கைப் பக்கத்துப் பையன், அருகிலுள்ள தொழிலாளர் கேம்பில் இருந்து சீலிங் வேலைக்குப் போகிறான். சுவரை ஒரு விரலால் தட்டினான், அவ்வளவுதான். “சார், இது ஜிப்சம் போர்டு. முன்னாடி ஒரு அட்டை, பின்னாடி ஒரு அட்டை, அங்கங்க தகரச் சட்டம் நிக்கும். மத்தபடி உள்ள காத்துதான். நீங்க அலமாரிய காத்துல மாட்டியிருக்கீங்க” என்றான். சட்டம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்றேன். எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலைக் காந்தத்தை எடுத்துச் சுவரில் தேய்த்துக்கொண்டே போனான். ஓரிடத்தில் திருவள்ளுவர் டக்கென்று ஒட்டி நின்றார். உள்ளே சட்டத்தில் முடுக்கிய திருகாணித் தலை இருக்கிறதாம். என் ஓட்டை அவருக்கு இரண்டு விரல் தள்ளி. நாலும் அப்படியே, ஒன்றுகூடச் சட்டத்தில் படவில்லை. “குறுக்க ஒரு பலகைய வச்சு சட்டத்துல முடுக்கி, அது மேலதான் சார் அலமாரிய ஏத்தணும். சட்டம் இல்லாத எடத்துல, உள்ள போயி குடை மாதிரி விரியிற போல்ட்டு இருக்கு, அதப் போடணும். அப்பவும் கனத்த சாமான கீழ வச்சுக்கங்க” என்றவன், “சார் என்ன வேல பாக்குறீங்க?” என்றான். ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டேன்.

அவன் போன பிறகு சுகிர்தா தரையில் உட்கார்ந்து பீங்கான் பொடியைப் பொறுக்கினாள். அழுதிருந்தால் தேவலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, “போதும். ஏப்ரல்ல போயிருவோம். சத்தியமா” என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் “சரி” என்றாள். அந்தச் சரியை நம்பித்தான் இந்தக் கடிதம்.

ஆகையால் கவனமாகக் கேள். மாடிப் பூச்சு வேலையை உடனே ஆரம்பிக்கச் சொல். கிணற்று மோட்டாரைப் பார்த்து வை. உனக்கு வாடகை வீடு இன்றைக்கே தேட ஆரம்பி. இன்னொன்று, கிறிஸ்மஸுக்கு நீ அனுப்பின போட்டோவில் உங்கள் தலைக்குப் பின்னால் என் ஹால் சுவரில் ஷாஜினி ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருப்பதைப் பார்த்தேன். நான் இன்னும் ஒரு மாதம்கூடச் சேர்ந்தாற்போல் படுத்துத் தூங்காத வீடு அது. பதினேழு வருஷமாக நான் இங்கே ஓர் ஆணி அடிக்காமல் இருந்தது, அங்கே வந்து என் கையால் முதல் ஆணி அடிக்க வேண்டும் என்றுதான். அதைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, வெள்ளை பூசி வை. வருத்தப்படாதே, என் மனசு இப்போது அப்படி இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அக்காவிடம் அலமாரி விஷயம் மட்டும் மூச்சு விடாதே. ஆண்டவர் உங்கள் வாசலையும் கூரையையும் காப்பாராக. சுவரை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்தத் தடவை நிச்சயமாக வருகிற,
அண்ணன் தேவசுந்தரம்.

பி.கு.: சுரேஷ்குமாருக்கு லீவு தள்ளிப்போனதால் கடிதம் இரண்டு வாரம் என் பெட்டியிலேயே கிடந்தது. நேற்று முவைலா போயிருந்தேன். அலமாரி சுவரில் இருக்கிறது. சுகிர்தாவே பொன்னுச்சாமியைக் கூப்பிட்டு, பலகை வைத்து, சட்டத்தில் முடுக்கி, குடை போல்ட்டும் போட்டு மாட்டியிருக்கிறாள். குக்கரெல்லாம் கீழே. மேலே மூக்கு வைத்த கிண்ணம் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. “ஏப்ரல்ல போறோம்னு சொன்னேனே” என்றேன். “சொன்னியளோ” என்றாள். அந்த போல்ட்டு உள்ளே போய் விரிந்தால் பிறகு முழுசாக வெளியே வராதாம், அலமாரியை எடுத்தால் சுவரும் பிய்ந்துகொண்டு வரும் என்று அவன் சொன்னானாம். “அதுக்குத்தான் நாலு போல்ட்டு கூடுதலாவே போடச் சொன்னேன்” என்றாள். நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கிப் பார்த்தேன். எண்பத்திரண்டு கிலோ. அசையவில்லை, தம்பி. கொஞ்சம் அசைந்திருக்கலாம்.

நீ வீடு தேட வேண்டாம். மாடிப் பூச்சும் அவசரமில்லை. காலண்டர் ஆணியைப் பிடுங்கியிருந்தால் திரும்ப அடித்துவிடு. ஷாஜினிக்கு எங்கெல்லாம் தோன்றுகிறதோ அங்கெல்லாம் அடித்துக்கொள்ளச் சொல். அது செங்கல் சுவர், தாங்கும்.