தங்கராஜுவின் நடைபாதை

குருபோங் தாமான் குடியிருப்பில் அன்று காலையும் தங்கராஜு வாசலுக்குப் போய், 'நடைபாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது' என்ற பலகையைத் துடைத்துவிட்டு வந்தார். யாரையும் கேட்காமல் அவரே தகரத்தில் எழுதி நட்டது.

"காப்பி ஆறுது, வாங்க" என்றாள் மனைவி ஜானகி.

நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டார்கள். தொழிற்சாலைக்குப் போகும் சைக்கிள்கள் வேறு வழியில்லாமல் நடைபாதையில் ஏறின.

ஜானகி வாசலுக்கு ஓடிவந்தாள். "வாணி! இன்னிக்காவது அவரு பாதையில சைக்கிள் ஏறக் கூடாதுடி. அவரு மனசு தாங்காது."

அவள் தங்கை வாணி நடைபாதையை மறித்து நாற்காலிகளைப் போட்டாள். சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்து ஜானகியின் பெரியப்பா அவர்களை அதே நாற்காலிகளில் உட்காரவைத்து வடை கொடுத்தார். இருபது பேர். சொந்தக்காரர்களுக்கு வடை இல்லாமல் போயிற்று.

"வடை சூப்பர்தான்க்கா, ஆனா வேலைக்கு லேட்டாவுது லா" என்றான் யுகேந்திரன் என்ற இளைஞன்.

"அப்ப கூடாரத்துக்குள்ளயே ஓட்டிட்டுப் போங்கப்பா. நடபாத மட்டும் வேணாம்" என்றாள் ஜானகி.

பண்டாரம் தேவாரம் பாடிக்கொண்டிருக்க, மணியடித்தபடி சைக்கிள்கள் உள்ளே நுழைந்தன. மாலை போட்ட தங்கராஜுவின் படத்தைத் தாண்டும்போது மரியாதைக்காக ஒவ்வொருவரும் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். மூன்றாமவர் குத்துவிளக்கைச் சாய்த்தார். ஐந்தாமவரின் ஹேண்டில்பாரில் மாலை மாட்டிக்கொண்டது. தங்கராஜுவின் படம் அவர் பின்னாலேயே பத்தடி போயிற்று.

"நிறுத்துய்யா! எங்க ஆளக் கொண்டு போறான்!" என்று பெரியப்பா துரத்தினார்.

பண்டாரம் பாட்டை நிறுத்தினார். "ஏம்மா, இது காரியமா, ரேஸா?"

எல்லாரும் போன பிறகு ஒருவர் மட்டும் சைக்கிளைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார். பேப்பர் போடும் காளிதாஸ். தங்கராஜு நாள் தவறாமல் தெருவே கேட்கத் திட்டியது அவரைத்தான்.

ஜானகி தயங்கிக் கேட்டாள். "ஒங்களத்தானே அண்ணே ரொம்பத் திட்டுவாரு. நீங்க ஏன் அழுவுறீங்க?"

"திட்டுனதெல்லாம் நீங்க கேக்கணும்னுதாம்மா. ஒங்களுக்குத் தெரியாம விடியக்காலையில என் சைக்கிள்லதான் ஓட்டக் கத்துக்கிட்டாரு. ரோட்டுல பயம், நடபாதையில ஓட்டறப்ப குறுக்க எவனும் வந்துரக் கூடாதுன்னுதான் பலகையே நட்டாரு. சீட்ட நான் இன்னும் எறக்கலம்மா, அவரு ஒசரத்துலதான் இருக்கு."