ஜன்னல் கண்ணாடியில் ஜப்பான்

ஜப்பானிய மொழியில் மொத்தமே ஐந்து எழுத்து படித்துவிட்டு, அதை வைத்து ஒரு குடும்பத்தின் மானத்தை இருபத்திரண்டு பேர் முன்னிலையில் கப்பலேற்றிய ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (படித்தது உயிர் எழுத்து மட்டும். க, ச வரிசை வரைக்கும் போயிருந்தால் எஸ்டேட்டே மிஞ்சியிருக்காது.)

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் நான் கிளார்க். என் மனைவி ரோஸ்லின் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் நான், ரோஸ்லின், என் அம்மா என்று மூன்று பேர். கூடப் படித்த தோழி ஒருத்தி ஜப்பானில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து ரோஸ்லினுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

"ஏனுங்க, கோயமுத்தூரைத் தாண்டி நான் எங்கயுமே போனதில்லீங்க. ஒரே ஒருக்கா போய்ப் பாக்கோணும்ங்க" என்றாள்.

இப்படிக் கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நானும் பெரிய மனது பண்ணிச் சரி என்றேன். வேலை கிடைத்தால் ஐந்து வருடம் அங்கேயே இருக்க வேண்டும், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரியவந்தது. பெரிய மனதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லாமல் போனது.

சிக்கல் அம்மாவிடம் இருந்தது. என் அண்ணன் குவைத்துக்குப் போனவர். அப்பா இறந்தபோது, அடக்கம் முடிந்து இரண்டாம் நாள்தான் அவரால் வந்து சேர முடிந்தது. அன்றைக்கு அம்மா கல்லறைத் தோட்டத்தில் நின்று, "இனி இந்த ஊட்டுல இருந்து ஒருத்தரையும் நான் பிளேன் ஏத்த மாட்டேன்" என்று சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விமானச் சத்தம் கேட்டால்கூட யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அதனால் பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் முடிகிற வரைக்கும் அம்மாவிடம் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தோம். (முடிவு செய்தது நான். ரோஸ்லின், "தப்புங்க" என்று அன்றைக்கே சொன்னாள். அதைப் பதிவு செய்துவிடுகிறேன்.)

ஆன்லைன் வகுப்பு காலை ஐந்தரைக்கு. எங்கள் வீட்டில் சிக்னல் ஹால் ஜன்னலை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மட்டும்தான் வரும். அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருப்பார். நாங்கள் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இயர்போனின் ஒரு முனை அவள் காதிலும் மறுமுனை என் காதிலுமாக ஜன்னலோரம் உட்காருவோம். படிக்க வேண்டியவள் அவள். நான் துணைக்கு. ஆனால் முதல் நாள் முதல் பாடத்திலேயே நான் தலைமை ஏற்றுக்கொண்டேன்.

காரணம், அந்த உயிர் ஒலிகள். அ, இ, உ, எ, ஒ. நம் வரிசையேதான்! "இதென்ன ரோஸு, நம்ம ஊர்ல இருந்து போனதுதான் இது. ஒரே வாரத்துல முடிச்சிடலாம்" என்று கிசுகிசுத்தேன். அப்புறம் டீச்சரம்மா ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். நான் 'உ' என்று சொன்னதும் குறுக்கிட்டார்.

"சார், உதட்டைக் குவிக்காதீங்க. விசில் அடிக்கிற மாதிரி இருக்கு."

உதட்டைக் குவிக்காமல் எப்படி 'உ' சொல்வது? நான் பல்லைக் கடித்துச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். கன்னத்தை இரண்டு கையாலும் பின்னால் இழுத்துப் பிடித்துச் சொன்னேன். பாத்ரூம் கண்ணாடி முன் நின்று நான் இதைச் செய்ததை அம்மா பார்த்துவிட்டு, பல்வலி என்று நினைத்து இரண்டு கிராம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி மென்றேன்.

ரோஸ்லின்தான் கண்டுபிடித்தாள். "'பாட்டு'ன்னு சொல்றப்போ கடைசில ஒரு உ வருதில்லீங்க? அதுக்கு உதடு குவியாது. அதேதானுங்க" என்றாள். குற்றியலுகரம்! பத்தாம் வகுப்பில் அதற்கு விளக்கம் எழுதி ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் வாங்கியவன் நான். நெடில் ஒலிகளிலாவது மானத்தைக் காப்பாற்றலாம் என்று 'ஓ'வை மூச்சு முட்டும் வரைக்கும் இழுத்தேன். "ரெண்டு மாத்திரை போதும் சார்" என்றார் டீச்சரம்மா.

எழுத்து இன்னும் மோசம். எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு அடுத்து என்று கணக்கு இருக்கிறது. அவர்களுடைய 'அ' மூன்று கோடு. என் கையில் அது காலில் நூல் சுற்றிய கோழி மாதிரி வந்தது. 'ஒ' கிட்டத்தட்ட அதே கோழி, வலது பக்கம் மேலே மட்டும் ஒரு சின்னக் கீற்று. அந்தக் கீற்றை நாங்கள் புள்ளி என்போம். ரோஸ்லின் ஐந்தும் அழகாக எழுதுவாள். ஆனால் கடைசி எழுத்தின் புள்ளியை மட்டும் எப்போதும் மறந்துவிடுவாள். நான் அவள் கையைப் பிடித்துப் புள்ளி வைக்க வைப்பேன். (அதற்காகவே மறந்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.)

நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் அம்மா கண்ணில் படும். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மலையில் விடியற்காலை ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். எங்கள் ஹால் ஜன்னல் வெள்ளைக்காரன் காலத்தது, பன்னிரண்டு சிறு கண்ணாடிகள். விரலால் எழுதினால் போதும். வெயில் ஏறினால் தானாக மறைந்துவிடும். "சிலேட்டு, சாக்பீஸ், அழிக்கிற துணி எல்லாம் ஆண்டவனே குடுத்திருக்கார் பாரு" என்று மார்தட்டினேன்.

நான்கு மாதம் அந்தக் கண்ணாடியில்தான் எழுதினோம்; நான் அந்த ஐந்திலேயே நின்றுவிட்டேன், அவள் மேலே மேலே போனாள். குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். ரோஸ்லின் அதை அடுப்போரம் வைத்து உருக்கித் தலையில் தேய்த்துக்கொண்டு, என் கையிலும் கொஞ்சம் ஊற்றுவாள்; அதே விரல்களோடு வந்து எழுத உட்காருவோம். இதை ஏன் சொல்கிறேன் என்று இன்னும் சற்று நேரத்தில் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, வகுப்பு நடக்கும்போதே அம்மா எழுந்து இருமிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். பேச முடியாது. ரோஸ்லின் கீழ் வரிசைக் கண்ணாடியில் தமிழில் ஏதோ எழுதினாள். நான் பக்கத்துக் கண்ணாடியில் பதில் எழுதினேன். அவள் மறுபடி எழுதினாள், நானும் எழுதினேன். எழுதி முடித்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் கண் கரித்தது. எட்டு மணிக்கு வெயில் வந்தது. எல்லாம் மறைந்தது.

மறுநாள் சனிக்கிழமை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். எங்கள் சர்ச்சின் பங்கில் உள்ள குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபமாலை சொல்லி, டீ குடித்துக் கலைவது வழக்கம். அன்று வகுப்பு இல்லை. வெயில் ஏறியபின் அம்மா, "ஜன்னலைத் தொடச்சு வைடா, பத்துப் பேரு வர்ற எடம்" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாகத் தெரிந்தது. "பளபளன்னு இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி போர்த்திப் படுத்தேன். என் வாழ்க்கையில் நான் பட்ட எல்லா அசிங்கத்துக்கும் ஆரம்பத்தில் இப்படி ஒரு தூக்கம் இருக்கும்.

மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. வெளியே சாரல், கதவு ஜன்னல் எல்லாம் அடைப்பு. அந்தச் சின்ன ஹாலில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக இருபத்திரண்டு பேர் முட்டிபோட்டுச் சத்தமாக ஜெபமாலை சொல்கிறார்கள். சமையலறையில் பெரிய சட்டியில் டீ கொதிக்கிறது. அத்தனை மூச்சும் ஆவியும் எங்கே போகும்? ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளில் மூன்றாவதைச் சொல்லும்போது நான் தற்செயலாகக் கண்ணைத் திறந்தேன். ஜன்னல் வெளுத்துக்கொண்டு வந்தது. வெளுக்க வெளுக்க, எண்ணெய் விரல் பட்ட இடம் மட்டும் ஆவி பிடிக்காமல், நான்கு மாதப் படிப்பும் கண்ணாடி கண்ணாடியாக எழுந்து வந்தது.

முதலில் மேல் வரிசையில் கோழிகள். பிறகு கீழ் வரிசையில் தமிழ்.

ஜெபம் ஒவ்வொரு குரலாகக் குறைந்தது. "எபிரேயமா இருக்குமோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா மூக்குக் கண்ணாடி போடாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஜன்னலையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அதுல என்னங்க டீச்சர் எழுதியிருக்குது? படிங்க" என்றார்.

டீச்சர் என்றது ஞானம்மா டீச்சரை. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிப்பவர். அவருக்கு எதை வாசிக்கவும் ஒரே குரல்தான். எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"அத்தைகிட்ட எப்ப சொல்றது. பாஸ் ஆகட்டும், அதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரியவே கூடாது. ஜப்பான்ல அஞ்சு வருஷம், நான் இல்லாம இருப்பீங்களா. மாட்டேன். ஆனா நீ போ."

வாசித்து முடித்துத் தலை குனிந்தார். கோயிலில் வாசகம் முடிந்ததும் சொல்கிற பழக்க தோஷத்தில் பின்வரிசையில் இரண்டு பேர், "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள்.

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று எதிர்பார்த்தேன். எஸ்டேட் பூமி, அதற்கும் மேனேஜர் கையெழுத்து வேண்டும் போலிருக்கிறது. ரோஸ்லின் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அம்மா மட்டும் அசையாமல், "இன்னும் ரெண்டு பத்து மணி பாக்கி இருக்குது. சொல்லுங்க" என்றார். சொன்னோம். அதன் பிறகு எல்லோருக்கும் டீயும் இரண்டிரண்டு போண்டாவும் கொடுத்தார். எனக்கு ஒன்று.

எட்டு நாள் அம்மா எங்களோடு பேசவில்லை. மறுநாளே பழைய பேப்பரை நனைத்துப் பன்னிரண்டு கண்ணாடியையும் கீச்சுக் கீச்சென்று துடைத்தார். அந்தச் சத்தத்தை வைத்தே எனக்கு எவ்வளவு திட்டு விழுகிறது என்று தெரிந்தது. ரோஸ்லின், "நான் போகலீங்க. அத்தை மூஞ்சியப் பாக்க முடியலீங்க" என்று அழுதாள். போகவில்லை என்றதும் என் மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அதற்காகத்தான் இன்றைக்கும் அதிகம் வெட்கப்படுகிறேன்.

ஒன்பதாம் நாள் இன்டர்வியூ. போவதில்லை என்று போனை அணைத்து வைத்திருந்தாள். அம்மா வந்து ஜன்னலோரம் நாற்காலியைத் தூக்கிப் போட்டார்.

"உக்காரு. போனைப் போடு."

"அத்தை..."

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சதுக்கப்புறம் எனக்குத் தெரியுது பாரு, அதுதான் எனக்கு வலிக்குது. நாலு மாசமா வெடியால எந்திரிச்சு ரெண்டு பேரும் அ, இ, உன்னு முணுமுணுக்கறீங்க. கொழந்தை வேணும்னு ஏதோ ஜெபம் சொல்றீங்கன்னு நெனச்சு, நான் உள்ள படுத்துட்டே ஒவ்வொண்ணுக்கும் ஆமென் சொல்லிட்டிருந்தேன் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறியது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ரோஸ்லினிடம்தான் சொன்னார்.

"மாட்டேன்னு எழுதினவனே போன்னு எழுதியிருக்கான். அப்புறம் நான் என்னத்தச் சொல்றது? வாயத் தொறந்து சொல்லு, உள்ளயே முழுங்காத."

ரோஸ்லின் வாயைத் திறந்து சொன்னாள். இன்டர்வியூவிலும், பின்னால் வந்த பரீட்சையிலும் பாஸாகிவிட்டாள். கோவை ஏர்போர்ட்டுக்கு அம்மாவும் வந்தார். அவள் உள்ளே போனபிறகும் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

இது மூன்றாவது வருடம். அன்பியத்தில் யாராவது எதையாவது மறைத்தால், "என்ன, கண்ணாடியில எழுதிட்டீங்களா?" என்று இப்போதும் கேட்கிறார்கள். ரோஸ்லின் வீடியோவில் ஜப்பானியப் பாட்டிமாரைக் காட்டுகிறாள். அவர்கள் அவள் பேச்சை மெச்சுகிறார்களாம். ஹால் ஜன்னலோரம் ஒரு முழத்துக்குள் நின்று பேசுகிறேன். போனை வைத்ததும் வீடு இரண்டு மடங்கு பெரிதாகிவிடுகிறது. மாட்டேன் என்று எழுதியது பொய்யில்லை.

அவள் போன மறுநாள் விடியற்காலை, ஹால் ஜன்னலின் கீழ் மூலைக் கண்ணாடியில் ஐந்து எழுத்தும் வந்தன. கிளம்புகிற அன்று எப்போது எழுதினாளோ தெரியவில்லை. கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியை யாரும் துடைப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருகிறது. அதன் மேலேயே மறுபடி எழுதலாம்தான், ஆனால் அது என் எழுத்தாகிவிடும்.

போன ஏப்ரலில் ஒரு நாள் ஆபீசிலிருந்து மதியம் சீக்கிரம் வந்தேன். வெயில் காலம், கண்ணாடியில் ஆவி பிடிக்கவே பிடிக்காது. ஹால் ஜன்னலடியில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியை வைத்து, கதவையெல்லாம் அடைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"சளி. ஆவி புடிக்கறேன்."

சளிக்கு ஆவி பிடிக்கிறவர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். கீழ் மூலையில் எழுத்துகள் மெல்ல வந்தன. அம்மா விரலைப் படாமல் நீட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னார். 'உ'வுக்கு உதட்டைக் குவிக்கவில்லை.

"கடேசிக்குப் புள்ளி வெக்காமப் போயிட்டா பாரு" என்றார்.

"நான் வெச்சுடட்டுமாம்மா?"

"கையெடுடா. அவளே வந்து வெப்பா."

நான் போய்ச் சட்டியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன்.