கம்பெனி மாட்டிக் கொடுத்த சைக்கிள்

அருப்புக்கோட்டை,
ஆடி மாதம், 1993.

மதுரையில் கண்ணாடிக் கதவு வைத்த கடையில் உத்தியோகம் பார்த்துச் சீரும் சிறப்புமாக இருக்கும் மைத்துனர் சிரஞ்சீவி பாலமணிகண்டனுக்கு, அத்தான் அப்பய்யா எழுதுவது. இங்கே நானும், உங்கள் அக்காள் சௌடம்மாளும், மகள் சங்கரியும் அம்மன் புண்ணியத்தில் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். உங்கள் கம்பெனியும் நலமாகத்தான் இருக்கும். அதில் சைக்கிள் வாங்கினவர்களின் நலத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நம் வீட்டில் பேசுகிற பாஷையில் எழுதினால் வசவு இன்னும் நன்றாக அமையும். ஆனால் இந்தக் கடிதத்தை உங்கள் மேனேஜரும் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

சைக்கிள் ஏன் வாங்கினோம் என்பது உங்களுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாதே. சங்கரிக்குப் பந்தல்குடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான், ஒழுங்காக வந்து போனால் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊருக்குக் காலையில் போகிற பஸ், பிரேயர் முடிந்து பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்த பிறகுதான் போய்ச் சேரும். அதனால் என் பழைய சைக்கிளில் நானே கொண்டுபோய் விட்டுவந்தேன். நம் தெருவின் வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டு வாசலில் சைக்கிள் நின்றால் அது தெருவுக்கே பொது. "ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்" என்று எடுத்துப் போவார்கள், பொழுது சாயத் திரும்பி வரும். இல்லை என்று சொன்னோமானால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. இப்படிச் சைக்கிள் கிடைக்காமல் சங்கரி இரண்டு தடவை பிந்திப் போனாள். தலைமையாசிரியை தங்கம்மாள் டீச்சர் கண்டிப்பானவர். "இந்தா பாரும்மா, இன்னியும் பிந்தி வந்தீன்னா நான் வேற ஆளு பாத்துக்கிருவேன்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. "எனக்குன்னு ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்கப்பா, நானே ஓட்டிப் பழகிக்கிடுறேன்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் பாட்டுக்குப் பொன்னுச்சாமி சைக்கிள் கடைக்குத்தான் கிளம்பினேன். நீங்கள்தான் வழிமறித்தீர்கள். "அத்தான், எங்களுக்கு ஒம்போது ஊருல கிளை இருக்கு. அருப்புக்கோட்டையிலயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுசாத் தெறந்திருக்கோம். ஃபேனு, மிக்ஸி, சைக்கிளு எல்லாம் ஒரே எடத்துல. வாரண்டி குடுக்குறோம், பொன்னுச்சாமி குடுப்பாரா?" என்று கேட்டீர்கள். பொன்னுச்சாமி டீ வாங்கிக் கொடுப்பார், வாரண்டி கொடுக்க மாட்டார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன் மாப்பிள்ளை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் கிளைக்குப் போனோம். கடை திறக்கும்போதே பத்து மணி, பத்தரைக்கு ராகுகாலம். சைக்கிளோ பெட்டிக்குள் கை வேறு கால் வேறாகக் கிடந்தது. அதை மாட்ட மாதவன் என்று ஒருவர் வந்தார். முதுகில் கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டை, பார்க்க நன்றாகத்தான் இருந்தார். முந்தின நாள் வரை ஃபேன் செக்‌ஷனில் இருந்தவர் என்பதும், அவர் மாட்டுகிற முதல் சைக்கிளே எங்களுடையதுதான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. உங்கள் அக்காள் சும்மா இருந்தாளா? "தம்பி, ராகுகாலத்துக்கு முந்தி வண்டி படியெறங்கிறணும்" என்று அவர் தலைமாட்டிலேயே நின்றுகொண்டாள். அவர், "அக்கா, ஹேண்டிலு ஒழுங்கா நிக்குதான்னு ஒருக்காப் பாத்துக்கிடுறேன்" என்றார். இவள், "நல்ல நேரத்துல மாட்டுனா எல்லாம் ஒழுங்காத்தான் நிக்கும், நீ மாட்டுப்பா" என்றாள். மனுஷர் வியர்த்து விறுவிறுத்து மாட்டினார். கடைசியில் கொஞ்சம் நட்டும் வாஷரும் மிஞ்சின. அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, ஏதோ கொசுறு கொடுக்கிற மாதிரி என் கையில் கொடுத்தார். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து உருட்டினோம். சக்கரம் பழத்தை விட்டு விலகிப் போனது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இனி அந்த வாகனத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். ஹேண்டில் பந்தல்குடியைப் பார்த்தால் முன்சக்கரம் காரியாபட்டியைப் பார்க்கிறது. வலதுகைப் பிரேக்குக்கு நிற்க வேண்டிய சக்கரம் இடதுகைக்கு நிற்கிறது, இடதுகைக்கு நிற்க வேண்டியது வலதுகைக்கு. பெல்லை அமுக்கினால் சத்தமே இல்லை, பள்ளத்தில் இறங்கினால் தானாக அடிக்கிறது. பக்கத்து வீட்டு நவநீதகிருஷ்ணனைத் தெரியுமல்லவா, பஞ்சுக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். புது வண்டியைப் பார்த்ததும் பேப்பர் வாங்க ஒரு எட்டுப் போய்வருகிறேன் என்று ஏறினார். நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு, ரோட்டோரம் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலுக்குள் போய் இறங்கினார். வண்டியைவிட மிளகாய்தான் அவரை அதிகம் வருத்தியது. இரண்டு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்பய்யா, இது வண்டியில்லைய்யா, வம்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து வீரசோழன் ஊரிலிருந்து நம் உறவுக்காரப் பையன் சந்தனம் பஸ்ஸில் வந்தான். எந்தச் சொந்தக்காரன் வீட்டுக்குப் போனாலும் முதலில் சைக்கிள் சாவியைக் கேட்கிறவன் அவன். டீக்கடை முன்னால் ஸ்டைலாக நிறுத்துகிறேன் என்று பின்பிரேக் என நினைத்து முன்பிரேக்கைப் பிடித்தான். வண்டி நின்றுவிட்டது, இவன் நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தவர் மடியில் போய் உட்கார்ந்தான். "அவுக யாருன்னே தெரியாது மாமா, எனக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சாக" என்று நொண்டிக்கொண்டே வந்து வண்டியை என்னிடம் ஒப்படைத்தான். என்னதான் இருக்கிறது என்று பார்க்க நானும் ஒருநாள் ஏறினேன். சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. தெரு முனை வரை வானத்தைப் பார்த்தபடியே போனேன். அதற்கு மேல் நடந்ததை அக்காளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சிரிக்காமல் சொல்ல அவளால் முடிந்தால்.

சரி, ரிப்பேர் செய்யலாம் என்று உங்கள் கிளைக்குப் போனேன். சர்வீஸ் எல்லாம் விருதுநகரில்தான் என்றார்கள். விருதுநகருக்குப் போனால், வாங்கின கிளையில்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து கேட்டால், மதுரைக்கு எழுதிப் போடுங்கள் என்கிறார்கள். மாதவனைக் கேட்டேன், அவர் கிரைண்டர் செக்‌ஷனுக்கு மாறிப் போய்விட்டாராம். கடைசியில் வெட்கத்தை விட்டுப் பொன்னுச்சாமியிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கோயில் தேரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கம்பெனி வண்டில்ல மொதலாளி! நான் தொட்டா வாரண்டி போயிருமே" என்றார். அந்த வாரண்டி என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மட்டும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இதில் பெரிய வேடிக்கை சங்கரிதான். அவள் இதற்கு முன் எந்தச் சைக்கிளும் ஓட்டினவள் இல்லை. தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் இந்த வண்டியிலேயே விழுந்து எழுந்து பழகினாள். இப்போது தினமும் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறாள், பிரேயர் மணிக்கு முன்னால் போய் நிற்கிறாள். கேட்டால், "எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையேப்பா" என்கிறாள். பாவம், மாமா சொல்லி வாங்கின வண்டியைக் குறை சொல்லக் கூடாது என்று மறைக்கிறாள் என நினைக்கிறேன். லாரி போகிற ரோட்டில் பெற்ற பிள்ளை இதில் போகிறதை நினைத்தால் எனக்குத் தறியில் கை ஓடவில்லை. அவள் திரும்பி வருகிற வரைக்கும் வாசலுக்கும் தறிக்குமாக நடக்கிறேன்.

ஆகையால் மாப்பிள்ளை, மதுரையிலிருந்து விஷயம் தெரிந்த ஒரு மெக்கானிக்கை உடனே அனுப்பி வண்டியைச் சரியாக்கித் தர வேண்டும். முடியாதென்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கு நீங்கள் வரும்போது ஊர் சுற்ற இந்த வண்டியைத்தான் தருவேன். மற்றபடி வீட்டில் பிருந்தாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் மென்மேலும் உயர்ந்து, கம்பெனிக்குப் பத்தாவது கிளையும் திறந்து, அதிலாவது சைக்கிள் மாட்டத் தெரிந்த ஆளை வைக்க அம்மன் அருள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் மறவாத,
கோ. அப்பய்யா.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பிய நேரத்தில், நான் முன்னே கிளையில் சொல்லிவைத்த புகாருக்காகவே மதுரையிலிருந்து உங்கள் பெரிய மெக்கானிக் வந்து இறங்கினார். கெட்டிக்காரர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹேண்டிலை நிமிர்த்தி, பிரேக்கை மாற்றி, சீட்டை இறக்கி, பெல்லைப் பேச வைத்து, வண்டியை மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிட்டார். சங்கரி ஆசையாக ஏறினாள். ஏறின வேகத்தில் எதிர் வீட்டுச் சுவரில் போய் மோதினாள். "இது எந்தப் பக்கமும் இழுக்க மாட்டேங்குதேப்பா, எப்படி ஓட்டுறது?" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கேட்டாள். நவநீதகிருஷ்ணன் வெளியே வந்து, "வண்டி சரியாயிருச்சா அப்பய்யா? நல்லது, நல்லது" என்றார். மறுநாள் காலையில் சங்கரி சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் வாசலில் வண்டி இல்லை, அவர் ஒரு எட்டுப் போயிருந்தார். பிள்ளை அழுதுகொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள். போய்ச் சேரும்போது வாய்ப்பாடு பாதி முடிந்துவிட்டது. தங்கம்மாள் டீச்சர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இத்தன நாளா சைக்கிள்ல ஒழுங்காத்தானம்மா வந்துக்கிட்டிருந்தே? போனாப் போகுது, இதுதான் கடேசி" என்றாராம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் தெருவில் யாரும் இரவல் கேட்காத வண்டி ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் நான் ரிப்பேர் செய்துவிட்டேன். ஆகவே மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், கிரைண்டர் செக்‌ஷனிலிருந்து அந்த மாதவனை உடனே அனுப்பி, மறுபடியும் அவர் கையாலேயே வண்டியை மாட்டித் தரச் செய்யுங்கள். அவர் முதலில் மாட்டினது பிழை என்று மட்டும் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் மனுஷர் சரியாக மாட்டிவிடுவார்.