அண்டார்டிகா ஏரியில் மூணுவாட்டி

நகரியிலிருந்து திருப்பதி போகிற வழியில் எத்தனை டீக்கடை உண்டோ, அத்தனையிலும் திட்டு வாங்கிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் மூணுவாட்டிதான். இதை யாராவது மறுத்தால் நான் சண்டைக்கு வருவேன். பாதிக் கடைகளில் நானே பக்கத்தில் நின்றிருக்கிறேன். பக்கத்தில் என்றால் ஒரு பத்தடி தள்ளி, செல்போனைப் பார்த்தபடி, இந்த ஆள் யாரோ நான் யாரோ என்று.

திருப்பதியில் நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனை லேபில் அவர் டெக்னீஷியன், நான் சீனியர் அனலிஸ்ட். இரண்டு பேருக்கும் ஊர் நகரி, தினமும் ஒரே பஸ். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், அதனால் எனக்கு 'அக்கா' பட்டம். தண்ணீர் எடுக்கிற தொழிலில் ஒரு விதி உண்டு. எந்தத் தண்ணீரை எடுக்கப் போகிறோமோ, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு அப்புறம்தான் நிரப்ப வேண்டும். பாட்டிலில் முன்பு இருந்தது எதுவும் ஒட்டிக்கொண்டு வந்து கணக்கைக் கெடுக்கக் கூடாது. நாங்கள் எல்லாரும் அதை லேபோடு விட்டுவிடுவோம். அவர் ஊர் முழுக்கக் கொண்டுபோனார். அதனால் தமிழர்களுக்கு அவர் மூணுவாட்டி, தெலுங்கர்களுக்கு மூடுசார்லு. அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் எங்கள் வாட்ச்மேன் ஐந்து நிமிஷம் யோசிப்பார்.

வடமாலபேட்டையில் ஒருநாள் பஸ் பஞ்சராகி நின்றது. டீக்கடைக்குப் போனோம்.

"அண்ணா, மொதல்ல கொஞ்சமா ஊத்துங்க."

மாஸ்டர் ஊற்றினார். இவர் கிளாஸைச் சுழற்றி, ரோட்டில் கொட்டினார். "இன்னும் கொஞ்சம்." மறுபடி சுழற்றி, மறுபடி கொட்டினார். மூன்றாவது தடவை மாஸ்டர் டீ வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"யோவ், நீ டீ குடிக்க வந்தியா, என் கட வாசலுக்குத் தெளிக்க வந்தியா?"

"கோச்சிக்காதீங்கண்ணா. முன்னாடி குடிச்சவரு சக்கர தூக்கலா குடிச்சிருப்பாரு. அது கிளாஸ்ல நிக்கும். அப்புறம் உங்க டீய நான் தப்பா நினைச்சிட்டேன்னா, அது உங்களுக்கு அநியாயம் இல்லியா?"

மாஸ்டர் என்னைப் பார்த்து, "ஏம்மா, இந்த ஆளு உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார். இல்லை என்று கூசாமல் சொன்னேன்.

பெண் பார்க்கப் போன கதையை அவர் மனைவியே என்னிடம் சொன்னாள். குடுபல்லியில் பெண் வீடு. பெண் காபி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இவர் டம்ளரிலிருந்து கொஞ்சம் டபராவில் விட்டு, சுழற்றி, ஜன்னல் வழியாக வெளியே கொட்டியிருக்கிறார். இரண்டாவது முறையும் கொட்டியிருக்கிறார். மூன்றாவது முறை கொட்டியபோது ஜன்னலுக்கு வெளியே பெண்ணின் தாய்மாமன் வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். வீடு ரணகளமாகிவிட்டது. எல்லாரும் எழுந்து நிற்க, பெண் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாளாம், "இருக்கட்டும் நைனா. பாத்திரமாச்சும் ஒழுங்கா கழுவுவாரு." அப்படி நடந்தது கல்யாணம். இப்போது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒவ்வொரு டப்பாவிலும் பென்சிலால் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். 'கத்திரிக்காய்க் குழம்பு. காலை 11.40. அடுப்படி. வானம் மேகமூட்டம்.' பேனாவால் எழுதினால் ஈரத்தில் அழிந்துவிடுமாம்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் மேடம் அண்டார்டிகாவுக்கு அனுப்பினார்.

எங்கள் லேபுக்கு ஒரு பிராஜெக்ட் வந்திருந்தது. பனிக்கண்டத்திலும் பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஏரிகள் இருக்கின்றன. கோடையில் சில வாரம் ஓரத்துப் பனி உருகித் தண்ணீர் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் அந்தத் தண்ணீரில் என்னென்ன உப்பு, எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொண்டே வந்தால், பூமி சூடாவது அங்கே என்ன வேலை செய்கிறது என்று தெரியும். தண்ணீர் எடுத்துவர ஒருவர் போகலாம் என்றதும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் நாலு பேர் கை தூக்கினார்கள். மேடம் மூணுவாட்டியைக் காட்டினார். "மீரந்தா, நீங்கள் எல்லாரும், ஏரியைப் பார்த்தால் போட்டோ எடுப்பீர்கள். இவன் தண்ணீர் எடுப்பான்" என்று பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொல்லி முடித்துவிட்டார்.

நகரியே கூடிச் சிரித்தது. விசைத்தறி ஓட்டுகிற அவருடைய நைனா கேட்டார்:

"தண்ணி மொள்ள அம்மாந் தூரமா போவணும்? நம்ம தெரு போர்ல புடிச்சிக்கினு போய்க் குடுடா. எவனுக்குத் தெரியப் போவுது?"

அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாள் நைனாவோடு அவர் பேசவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, இங்கிருந்து அவர் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோனது. லேபில் வடித்த சுத்தமான தண்ணீர். ஏரிக்கரையில் அதைத் திறந்து, மற்ற பாட்டில்களுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்து, மூடித் திரும்பக் கொண்டுவர வேண்டும். எடுத்தவர் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ ஏதாவது கலந்திருந்தால் அந்த பாட்டில் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் தொழிலில் இதற்கு பிளாங்க் என்று பெயர். தெருக்காரர்களுக்கு அதெல்லாம் எதற்கு? "ஏரிக்குத் தண்ணி எடுத்துக்கினு போறான்பா" என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

போனார், வந்தார். மூக்குத் தோல் உரிந்து, முகம் கறுத்துப்போய் வந்தார். அண்டார்டிகா எப்படி இருந்தது என்று கேட்டால், "மூடி எல்லாம் டைட்டா இருக்குதான்னு பாருக்கா" என்றார். கப்பலில் வந்த ஏரித் தண்ணீர் பாட்டில்களை நான் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தேன். எல்லாம் போன வருஷங்களில் மற்ற லேப்காரர்கள் அளந்து வைத்ததைப் போலவே இருந்தன, ஒன்றே ஒன்றைத் தவிர. கொட்டாங்குச்சி மாதிரி இருக்கிறது என்று அவர் பெயர் வைத்த ஓர் ஏரியில் மட்டும் உப்பு எகிறியிருந்தது. நான் மூன்று தடவை சோதித்தேன். மூன்று தடவையும் அதே அளவுதான்.

விஷயம் வெளியூர் நிபுணர்கள் வரைக்கும் போயிற்று. ஒருநாள் எல்லாரும் கம்ப்யூட்டர் திரையில் உட்கார்ந்தார்கள். அதில் பெரியவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னார். உப்பு என்றால் மனித வேர்வை, தண்ணீர் எடுத்தவர் விஞ்ஞானி அல்ல, அந்த அளவை நீக்கிவிடுங்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்த ஏரிக்கு அந்தக் கோடையில் ஒரே ஒரு நாள்தான் போக முடிந்தது. நீக்கினால் அந்த வருஷமே காலி, இனி யாராலும் அந்த நாளுக்குத் திரும்பப் போய்த் தண்ணீர் மொள்ள முடியாது. அதோடு, கெடுத்தவர் என்று இவர் பேர் காலத்துக்கும் நிற்கும். அந்த மனுஷனிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கைச் சுத்தம்தான்.

பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூணுவாட்டியைக் கேட்டார், "ஏரித் தண்ணீரில் கை வைத்தீர்களா?"

"வெச்சேன் சார்."

மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"எதற்கு?"

"தலையில தெளிச்சிக்கினேன் சார். கோவில் கொளத்துல தெளிச்சிக்கிற மாதிரி. அவ்ளோ சுத்தமான தண்ணி, சும்மா வர மனசு வரல."

திரையில் யாரோ சிரித்தார்கள். மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். முடிந்தது கதை என்று நானும் நினைத்தேன். இவர் சாவதானமாகப் பைக்குள் கை விட்டு ஒரு நோட்டை எடுத்தார்.

"எல்லாத்துக்கும் டைம் போட்டு வெச்சிருக்கேன் சார். படிக்கா."

பென்சில் எழுத்து. தெலுங்கும் இங்கிலீஷும் தமிழுமாக ஒரு கதம்பம். நான் உரக்கப் படித்தேன். 'மதியம் 1.15. புளிசாதம், ஊறுகாய். ஏரியிலிருந்து முன்னூறு அடி தள்ளி. காற்று ஏரியிலிருந்து என் பக்கம். 1.40. புதுக் கையுறை. 1.50. மூக்கு ஒழுகியது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கையுறை மாற்றினேன். 2.05. பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்பினேன், மூடினேன். 2.10. பிளாங்க் திறந்தேன், மூடினேன். 2.30. பாட்டில் எல்லாம் பெட்டிக்குள் போனபின், தண்ணீர் வெளியேறும் கடைசி மூலைக்குப் போய்த் தலையில் தெளித்துக்கொண்டேன்.'

சிரித்தவர் நிறுத்திவிட்டார். சந்தேகம் வந்தால் பார்க்கலாம் என்று மூடியே வைத்திருந்த பிளாங்க் பாட்டிலை அன்றைக்கே எல்லார் கண் முன்னாலும் திறந்து சோதித்தேன். இங்கிருந்து எப்படிப் போனதோ அப்படியே திரும்பியிருந்தது. வேர்வையும் இல்லை, ஊறுகாயும் இல்லை. ஆனாலும் பெரியவர் முழுசாக இறங்கி வரவில்லை. அந்த அளவு இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், அடுத்த கோடையில் பார்ப்போம் என்றார்.

கேள்விக்குறியைப் போட்டது நான்தான். அந்த ஒரு வருஷம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அடிக்கடி என் மேஜைக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவார். "அது அப்பிடியே இருக்குதாக்கா?" என்பார். "கேள்விக்குறி கால் முளைச்சி ஓடிடுமா? போய் வேலையைப் பாருப்பா" என்று எரிந்து விழுவேன். எரிந்து விழுந்துவிட்டு, அப்புறம் எனக்கே சாப்பாடு இறங்காது.

அடுத்த கோடையில் போனவர் டாக்டர் பட்டம் வாங்கியவர். அதே கொட்டாங்குச்சி ஏரி. இந்த முறை உப்பு அதைவிடக் கொஞ்சம் அதிகம். சுற்றிலும் காலகாலமாக உறைந்து கிடந்த மண் இளகி, அதிலிருந்த உப்பு ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நிபுணர்களே எழுதினார்கள். கேள்விக்குறியை எடுத்துவிடலாம் என்று பெரியவர் மெயில் அனுப்பினார். கடைசி வரியில் அந்த டெக்னீஷியனுக்கு என் மன்னிப்பைத் தெரிவியுங்கள் என்றும் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் நகரிக்காரன் கை என்று லேபில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு ஓடினேன். மேடம் எல்லாருக்கும் மைசூர்பாகு வரவழைத்தார். நாயகனை மட்டும் காணோம்.

பாட்டில் கழுவுகிற அறையில் நின்றுகொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, கையில் பாட்டில் இல்லை.

"இன்னாப்பா, உன் கை சுத்தம்னு அந்தப் பெரிய மனுஷனே ஒத்துக்கினாரு. நீ மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கினு இருக்க?"

"ஒரு வருஷமா ஒண்ணு வேண்டிக்கினு இருந்தேன்க்கா. என் கை தப்பா இருக்கணும்னு."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"என் வேர்வைன்னா என்னைத் திட்டிட்டுப் போயிடுவாங்க. ஏரி நல்லா இருக்கும். இப்ப நான் நல்லா இருக்கேன். ஏரிதான் கெட்டுக்கினு இருக்குது."

குழாயை மூடினேன். இப்படி ஒரு மனுஷனோடு இத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்து, கண்ணும் நிறைந்துவிட்டது. இவரையா தெரியாது என்று சொன்னேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

அந்த வாரமே, மறுபடி போகிறேன் என்று அவர் மனுப் போட்டார். உடம்பு சரியில்லாதவர்களை நேரில் போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பது என்று கேட்டார். மனுவில் கடைசியாக ஒரு கட்டம், 'உடன் பணிபுரிபவரின் கருத்து'. நாலு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். எனக்குப் போதவில்லை, தனித்தாளில் எழுதி இணைத்தேன்.