ஸ்பீடு மாஷின் இருபதாவது தோட்டா

துப்பாக்கிக் குண்டு என்ன வேகத்தில் போகும் என்று துல்லியமாகத் தெரிந்தவர் மலையாளக் கரையிலுள்ள எங்கள் சித்தூர் தாலுகாவிலேயே ஒருவர்தான். அவர் கையால் ஒரு பன்றிக்கும் காயம் பட்டதில்லை.

அரசுப் பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் வாத்தியார் என்றால் மாஷ். அதனால் ஸ்பீடு மாஷ். மற்றபடி அந்த மனிதர் எந்த பஸ்ஸையும் நேரத்துக்குப் பிடித்ததாகச் சரித்திரம் கிடையாது. அப்பா விட்டுப்போன ரைஃபிளுக்கு அவரிடம் லைசென்ஸ் இருந்தது. காட்டுப்பன்றி சுடுபவர்கள் பட்டியலில் பஞ்சாயத்து அவரையும் சேர்த்தது. பன்றிகளுக்கு நல்ல காலம் பிறந்தது.

என் நெல் அறுப்புக்குப் பத்து நாள் இருந்தது. பன்றிகள் தினமும் விடியலில் வந்து, மேற்கு மூலையிலிருந்து வரிசை தப்பாமல் தின்றுகொண்டு வந்தன. மாஷிடம் ஓடினேன்.

"அளக்காமச் சுடக் கூடாதுங்க" என்றார்.

"பன்னியையா மாஷ்?"

"குண்டெ."

அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. அதன்மேல் இரண்டு கண்கள். குண்டு ஒரு கண்ணைத் தாண்டி மறு கண்ணைத் தாண்டுவதற்குள் அதன் வேகத்தைச் சொல்லிவிடும். ஒரே டப்பாத் தோட்டாவிலும் ஒன்று சுறுசுறுப்பு, ஒன்று சோம்பேறியாம். பக்கத்தில் சுட்டால் வித்தியாசம் தெரியாது. முந்நூறு மீட்டர் தள்ளிச் சுட்டால் சோம்பேறி சாண் கணக்கில் கீழே இறங்கிவிடுமாம்.

பெட்டிக்கு நேர் வெயில் ஆகாது. மேலே வெள்ளைத் துணிப் பந்தல் வேண்டும். மாஷ் தயங்காமல் வேட்டியை அவிழ்த்தார். அது பத்தவில்லை. என் வேட்டியும் போயிற்று. பழைய கல்குவாரியில் இரண்டு பெரிய மனிதர்கள் டவுசரோடு நின்று மண்மேட்டைச் சுட்டுக்கொண்டிருந்தோம். தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மூன்று நாள் சுற்றுவழியில் போனார்கள்.

அவரிடம் இருந்தது இருபது தோட்டா. மூன்றாம் நாள் பத்தொன்பதின் வேகமும் நோட்டில் ஏறியிருந்தது.

"அளந்த தோட்டா திரும்பி வருங்களா மாஷ்?"

"அதெப்படி வருமுங்க?"

"அப்ப மிச்சமிருக்கற ஒண்ணோட வேகம்?"

"சுட்டாத்தானுங்க தெரியும்." அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் வரப்பில் சாக்கு விரித்துப் படுத்தார். முந்நூறு மீட்டருக்கு அப்பால் பெரிய ஆண் பன்றி, விலா தெரிய நின்று என் நெல்லை மென்றுகொண்டிருந்தது. மலைக் கணவாய் வழியாக ஓயாமல் வீசும் காற்றுகூட அன்றைக்கு அடங்கியிருந்தது. எனக்கு அந்தப் பன்றியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை.

"சுடுங்க மாஷ்!"

ரொம்ப நேரம் குறி பார்த்தார். பிறகு எழுந்து தோட்டாவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். "வேண்டாமுங்க."

பன்றி மூலையை முடித்துவிட்டுத்தான் போனது. நான் போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. அந்த மூலைக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்பிலிருந்து கள் இறக்கும் வேலாயுதனும் குடுவையோடு வந்துவிட்டான். எல்லோரையும்விட அவனுக்குத்தான் கோபம் அதிகம்.

"ஏனுங்க மாஷ், வெரலுக்கு வலிக்குதுங்களா? என்ற ஊட்டுக் கப்பைக் கெழங்கையும் அதுதானுங்க தின்னுது! ஸ்பீடாமா ஸ்பீடு!"

ஊர் சிரித்தது. மாஷ் தலையாட்டிக்கொண்டு சாக்கை மடித்தார். கூட்டம் கலைந்ததும் கேட்டேன்.

"பன்னிக்கு நேர் பின்னால தோப்புல வேலாயுதன் மரமேற ஆரம்பிச்சிருந்தானுங்க. வேகம் தெரியாத தோட்டா. தப்புச்சுதுன்னா எங்க போய் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பித் தோப்பைப் பார்த்தேன். "அதெ அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நாளைக்கு மரத்துல கால் நடுங்குமுங்க. அவனுக்கு அதானுங்க பொழப்பு."

நெல் பாதிதான் வீடு வந்தது. காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலாயுதன் மலையாளப் பத்திரிகை மட்டும்தான் படிப்பான் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இன்றைக்கும் அவன் தினம் காலையில் தென்னை உச்சியிலிருந்து, "மாஷே, அளந்தாச்சுங்களா?" என்று ஊர் கேட்கக் கூவுகிறான். கீழே மாஷ் அண்ணாந்து பார்த்து, அவன் பத்திரமாக இறங்கும்வரை கையாட்டிக்கொண்டு நிற்கிறார். என்னால்தான் அந்தப் பக்கம் பார்க்க முடிவதில்லை, கண் கலங்கிவிடுகிறது.