ஆர்தருக்கு நல்ல குடும்பம் தேவை

லண்டனில் ஒரு குதிரைக்குக் கல்யாண விளம்பரம் எழுதிய ஒரே மனிதர் எங்கள் குதிரை அண்ணைதான். இதில் எவரும் என்னோடு வாதத்துக்கு வரவேண்டாம்.

எண்பதுகளின் கடைசியில் ஈஸ்ட் ஹாமில் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். நாங்களெல்லாம் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் அடிக்க, அவர் மட்டும் எப்பிங் காட்டோரத்தில் ஒரு லாயத்துக்குச் சாணி அள்ளப் போனார். ஊரில் தபால் கந்தோர் கிளார்க். மாட்டுக்குக்கூடக் கிட்டப் போயிருக்க மாட்டார். வேலை முடிந்து அவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைகள் தாமாகவே காலியாகும்.

அந்த லாயத்தில்தான் ஆர்தர் இருந்தது. நலமடித்த, அதாவது விதை எடுத்த, சாதுவான குதிரை. நடை அப்படியொரு மெதுமை. அண்ணை கோப்பை நிறையத் தேத்தண்ணியோடு மேலே ஏறிக் காட்டுப் பாதையைச் சுற்றி வந்து, சிந்தாத கோப்பையை எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் குடிப்பார். குதிரையை 'நீர்', 'உம்மை' என்றுதான் பேசுவார். எங்களுக்கு 'டேய்'தான்.

அவருடைய மனைவியும் மகளும் ஊரில் சண்டைக்குள் ஒரே ஷெல் விழுந்து செத்துப்போனவர்கள். அவர் சொன்னதில்லை, ஊர்க்காரர் சொன்னார்கள். நவம்பரில் வெள்ளைக்காரர் வாணம் விடத் தொடங்கினால் அவருக்குக் கைகால் உதறும். அந்த மாலைகளில் லாயத்துக்குப் போய் ஆர்தரின் கழுத்தில் கை வைத்து நிற்பார். எந்த வெடிக்கும் அது அசையாது. அது நிற்கும்வரை அவரும் நிற்பார்.

ஒரு ஒக்டோபரில் லாயத்துக்காரி, முழங்கால் முடியாத கிழவி, எல்லாவற்றையும் மூடுவதாகச் சொன்னாள். மற்றக் குதிரைகள் விலைப்பட்டுவிட்டன. வயதான ஆர்தரை மாத முடிவுக்குள் யாரும் வாங்காவிட்டால் இறைச்சி லொறி வரும்.

அண்ணை உடனே விளம்பரம் எழுதினார். அவருக்குத் தெரிந்த விளம்பரம் ஒன்றுதான். 'அமைதியான குணம். குடி, புகை இல்லை. நல்ல குடும்பம் விரும்பத்தக்கது.' தமிழ்க் கடைப் பலகையில் கல்யாண அறிவித்தல்களுக்கு நடுவே ஒட்டினார். குதிரை என்ற சொல்லை மேலே பெரிதாக எழுதியிருந்தார். மறுநாளே அந்தச் சொல்லை மறைத்து ஒரு நடன வகுப்பு நோட்டீஸ் ஏறிவிட்டது.

ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பன் போன் எடுத்தார்.

"பொடியனுக்கு விசா இருக்கோ?"

"அவர் இஞ்சயே பிறந்தவர்."

"சீதனம் எதிர்பார்க்கிறியளோ?"

"ஒண்டும் வேண்டாம். ஆனா ஒரு விசயத்தை ஒளிக்கக்கூடாது ஐயா. அவர் நலமடிச்சவர்."

போன் வைக்கப்பட்ட சத்தம் எனக்கே கேட்டது.

பிறகு கிழவி ஆங்கிலத்தில் விளம்பரம் கொடுக்க, உண்மையான ஆட்கள் வந்தார்கள். அண்ணை சம்பந்தம் பேசுகிறவர்போல அவர்களுடைய வீடுகளுக்கே போய் விசாரித்தார். ஒரு வீட்டில் புருசன் பெண்சாதியை அதட்டினானாம், வேண்டாம் என்று வந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, லொறிக்கு விட்டாலும் விடுவியள், சத்தம் போடுற வீட்டுக்கு விடமாட்டியளோ?"

"சத்தத்திலயிருந்து ஒருத்தரையாவது காப்பாத்த எனக்கு ஏலவேணுமடா."



கடைசி வாரத்தில் ஆர்தரை வாங்க ஒரு பெண் வந்தாள். குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவள். பயமில்லாமல் ஒருதரம் காட்டுக்குள் போய்வர வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அவள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அண்ணை அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு வீடு, குடும்பம் எதையும் விசாரிக்காமல் அவளை ஏற்றி, கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"சம்பந்தம் சரி," என்றார் என்னிடம்.

"வாணம் முடியுமட்டும் ஆர்தரை இஞ்சயே வைச்சிருக்கச் சொல்லிக் கிழவியிட்டக் கேக்கலாமே அண்ணை?"

"லொறி பொறுக்காது. அவளுக்கும் நடுங்குது, நீயும் பாத்தனிதானே."

ஆர்தர் அவளோடு போய்விட்டது. நவம்பர் வந்தது. முதல் வாணம் வெடித்ததும் அவருடைய அறைக் கதவைத் தட்டினேன். சுவரோடு ஒட்டி நின்று உதறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என் கழுத்தில் அவருடைய குளிர்ந்த கை வந்து விழுந்தது.

"நில்லும்," என்றார்.

தேத்தண்ணி சிந்தாமல் நடக்க எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அசையாமல் நின்றேன்.